லண்டன் போனால் ஒரு சின்னக் கழகத்தின் மட்ச் பாருங்கள்

பிள்ளைகளோடு கொஞ்சநாள் நிற்க, பேரனின் பிறந்தநாளுக்கு, சொந்தத்தில் ஒரு கலியாணத்துக்கு என்று யாழ்ப்பாணத்தில் இருந்து லண்டன் போகிற பந்துப் பைத்தியங்கள் எல்லாரும் போய் இறங்கினவுடன் மருமகனிடம் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, ஆர்சனல் மட்ச் ஒண்டுக்கு ரிக்கெற் எடுக்கேலாதோ?" எடுக்கலாம். ஆனால் பெரிய கழகம் என்றால் முதலில் காசு கட்டி அங்கத்துவம் எடுக்க வேணும், பிறகு விற்பனை திறக்கிற நாளில் கணினிக்கு முன்னால் காவல் இருக்க வேணும், கடைசியில் கிடைத்தாலும் மைதானத்தின் உச்சியில் ஒரு மூலையில்தான் கதிரை. பிரீமியர் லீக்கை நீங்கள் இங்கேயே ரீவியில் பார்க்கிறீர்கள். ரீவி பெரிதாகக் கவனிக்காத இன்னொரு இங்கிலாந்து உதைபந்தாட்டம் இருக்கிறது. துரையப்பா விளையாட்டரங்கில் வெயிலில் நின்று மட்ச் பார்த்து வளர்ந்த ஆளுக்கு அதுதான் சரியாகப் பொருந்தும் என்பது என் கருத்து. அதற்கு ஒருநாளை எப்படி ஒதுக்குவது, எங்கே போவது, என்ன செய்யக்கூடாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அடுக்கைப் புரிந்துகொள்ளுங்கள். மேலே பிரீமியர் லீக், 20 கழகங்கள். அதற்குக் கீழே சம்பியன்ஷிப், லீக் வண், லீக் டூ என்று மூன்று பிரிவு, ஒவ்வொன்றிலும் 24 கழகம். 1888இல் தொடங்கிய பழைய புட்போல் லீக் என்பது இன்றைக்கு இந்த 72 கழகங்கள்தான். ஐந்தாவது அடுக்கு நஷனல் லீக். ஆறாவது, அதன் வடக்கு, தெற்குப் பிரிவுகள். ஏழாவதில் இருந்து இஸ்மியன் லீக், சதர்ன் லீக் என்று பிராந்தியப் பிரிவுகள் கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும். வென்றால் ஏறலாம், தோற்றால் இறங்க வேண்டும், அது எல்லாருக்கும் பொது. ஜேமி வார்டி எட்டாம் அடுக்கில் விளையாடிய காலத்தில் தொழிற்சாலையில் வேலை செய்த ஆள். 2012இல் லெஸ்டர் சிட்டிக்குப் போனார், 2016இல் பிரீமியர் லீக் கிண்ணத்தையே தூக்கினார். எங்கட ஆக்களுக்கும் இதில் ஒரு கதை உண்டு. இலங்கைத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த, வேல்ஸில் வளர்ந்த விமல் யோகநாதன் 2023 ஆகஸ்டில் பார்ன்ஸ்லி கழகத்துக்காக லீக் கிண்ணப் போட்டியில் இறங்கியபோது அவருக்கு வயது 17. பார்ன்ஸ்லி அப்போது மூன்றாம் அடுக்குக் கழகம். உங்கள் பேரன் பந்து விளையாடுகிறவன் என்றால் இந்தக் கதையை அவனுக்குச் சொல்லுங்கள்.

ஆறாம் ஏழாம் அடுக்குக்கு வந்துவிட்டால் விளையாடுகிறவர்களில் பெரும்பாலானோர் பகலில் வேறு வேலைக்குப் போகிறவர்கள், கிழமையில் இரண்டு இரவு பயிற்சி, சனிக்கிழமை மட்ச். விடிய கடலுக்குப் போய்வந்து பின்னேரம் பந்துக்கு இறங்குகிற குருநகர், நாவாந்துறைப் பெடியளைப் பார்த்துப் பழகிய உங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

எந்த மைதானம்?

நீங்கள் யார் வீட்டில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தமிழர் கூடுதலாக இருக்கிற பகுதிகள் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு கழகம் இருக்கிறது, அது பெரிய வசதி.

ஈஸ்ட்ஹாம் என்றால் டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறி நேராக டாகன்ஹாம் ஈஸ்ட்டில் இறங்குங்கள், மாறி ஏறத் தேவையில்லை. ஸ்டேஷனில் இருந்து கொஞ்சம் நடந்தால் டாகன்ஹாம் அன்ட் ரெட்பிரிட்ஜ் கழகத்தின் விக்டோரியா ரோட் மைதானம். முன்பு லீக் வண் வரை போன கழகம், 2025இல் ஆறாம் அடுக்குக்கு இறங்கிவிட்டது. அப்படி இறங்கிய பிறகும் வருகிற சனம்தான் உண்மையான சனம். இன்னும் கொஞ்சம் பெரிதாக வேண்டுமென்றால் ஸ்ட்ராட்பேர்ட் போய் அங்கே சென்ட்ரல் லைனில் ஏறி அடுத்த ஸ்டேஷனான லேட்டனில் இறங்கினால் லேட்டன் ஓரியன்ட். 1881இல் தொடங்கிய கழகம். 2023இல் லீக் டூவில் முதலிடம் பிடித்து மேலே ஏறியது. அதன் மைதானத்தைச் சுற்றி வீடுகள், மூலைகளில் நிற்கிற மாடிக் கட்டடங்களின் பல்கனிகளில் இருந்தும் ஆக்கள் மட்ச் பார்ப்பார்கள்.

ஹரோ, வெம்பிளிப் பக்கம் என்றால் பார்னெட் கழகம். பெயர் பார்னெட் என்றாலும் மைதானம் இருப்பது கனன்ஸ் பார்க்கில், ஜூபிலி லைனில் வெம்பிளி பார்க் தாண்டி மூன்றாவது ஸ்டேஷன். 2025இல் நஷனல் லீக்கை வென்று லீக் டூவுக்கு ஏறியவர்கள். இன்னும் சின்னதாக, கிட்ட நின்று பார்க்க வேண்டுமென்றால் சவுத் ஹரோவில் ஹரோ பரோ கழகத்தின் மைதானம் இருக்கிறது.

ரூட்டிங் என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர், ஏனென்றால் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் நடந்து போகிற தூரம்தான். இந்தக் கழகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேணும். பழைய விம்பிள்டன் கழகத்தை அதன் உரிமையாளர்கள் மில்டன் கீன்ஸ் என்ற தூரத்து நகரத்துக்குக் கொண்டுபோகலாம் என்று 2002இல் அனுமதி கிடைத்தது. ஊர்ச்சனம் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. கழகம் என்றால் ஊர், ஊரை விட்டுவிட்டுக் கழகத்தை எப்படிக் கொண்டு போவாய் என்று கேட்டுத் தாங்களே ஒரு புதுக் கழகத்தைத் தொடங்கினார்கள். பொது வெளியில் ஆள் தேர்வு வைத்து, வந்த பெடியளில் இருந்து அணியைப் பொறுக்கி எடுத்து, ஒன்பதாவது அடுக்கில் இருந்து ஆரம்பித்தார்கள். 2011இல் லீக் டூவுக்கு வந்தார்கள். 2020 நவம்பரில் தங்கள் பழைய மைதானம் இருந்த அதே பிளவ் லேன் தெருவில் புதிய மைதானத்தைத் திறந்தார்கள். 2025 மே மாதம் மறுபடி மூன்றாம் அடுக்குக்கு ஏறினார்கள். கழகம் இன்றைக்கும் ரசிகர்களின் கையில்தான். எங்கள் ஊர்க் கழகங்களின் நிர்வாகத்தில் இருக்கிற ஆராவது லண்டன் போனால் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் இந்த மைதானத்தைப் போய்ப் பார்க்க வேணும் என்று நான் நினைக்கிறேன். வெளிநாட்டில் இருந்து ஒருவர் அனுப்புகிற காசில் மட்டும் ஓடுகிற கழகத்துக்கும், ஆயிரம் பேர் சின்னச் சின்னத் தொகையாகப் போட்டு நடத்துகிற கழகத்துக்கும் உள்ள வித்தியாசம் அங்கே கண்ணுக்குத் தெரியும்.

எப்ப போவது?

பருவகாலம் ஆகஸ்டில் தொடங்கி மே வரை. ஜூன், ஜூலையில் போனால் ஒன்றும் இல்லை. பயிற்சி ஆட்டங்கள் மட்டும் ஜூலையில் சின்ன மைதானங்களில் நடக்கும், அதுவும் மோசமில்லை. வழக்கமான நேரம் சனிக்கிழமை பிற்பகல் 3 மணி, கிழமை நாளில் என்றால் பெரும்பாலும் செவ்வாய் இரவு 7.45.

அந்த 3 மணிக்கு ஒரு காரணம் இருக்கிறது. சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை பிரித்தானிய ரீவிகளில் எந்த உதைபந்தாட்டப் போட்டியையும் நேரடியாகக் காட்டக்கூடாது என்பது 1960களில் இருந்து வருகிற ஏற்பாடு. ரீவியில் பெரிய மட்ச் ஓடினால் சனம் வீட்டில் இருந்துவிடும், சின்னக் கழகத்துக்கு வாசல் காசு விழாது என்ற பயம். அதனால்தான் நீங்கள் யாழ்ப்பாணத்தில் மாரிகாலத்து இரவு எட்டரைக்கு நேரடியாகப் பார்க்கிற அதே மட்சை லண்டனில் இருக்கிற உங்கள் மச்சான் ரீவியில் பார்க்க முடியாமல் இருக்கிறார். ஆளை வீட்டில் இருந்து கிளப்ப இது நல்ல சாட்டு.

நாடுகளுக்கிடையிலான போட்டிகள் நடக்கிற சனிக்கிழமைகளில் மேல் இரண்டு அடுக்கும் ஓய்வில் இருக்கும், கீழே உள்ளவர்கள் விளையாடிக்கொண்டுதான் இருப்பார்கள். அப்படியான ஒரு சனிக்கிழமையை சின்னக் கழகங்களின் நாளாக 2010இல் இருந்து ஒவ்வொரு வருடமும் கொண்டாடுகிறார்கள், சில கழகங்கள் அன்றைக்கு வாசல் காசைக் குறைக்கும்.

டிசம்பர், ஜனவரியில் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மழை வெள்ளத்தாலோ உறைபனியாலோ மைதானம் விளையாட முடியாமல் போனால் அன்று காலையில்தான் நடுவர் வந்து பார்த்துவிட்டு மட்சைத் தள்ளிவைப்பார். வெளிக்கிட முதல் கழகத்தின் இணையத்தளத்தை ஒருக்கால் பார்த்துவிடுங்கள். சனி, ஞாயிறில் ரயில் பாதை திருத்தவேலையும் அடிக்கடி வரும், அதையும் பாருங்கள்.

ரிக்கெற்

லீக் வண், லீக் டூ என்றால் பெரியவருக்கு 20 முதல் 30 பவுண் வரை போகும், ஏழாம் அடுக்கில் 10 முதல் 15 பவுணுக்குள் முடியும். அறுபது, அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்குக் கழிவு உண்டு. எந்த வயது என்பது கழகத்துக்குக் கழகம் வேறுபடும், கடவுச்சீட்டின் படம் ஒன்றைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு மிகக் குறைவு, சில இடங்களில் இலவசம். மேல் அடுக்குகளுக்கு முதல்நாளே இணையத்தில் எடுப்பது நல்லது. சின்ன மைதானத்தில் வாசலில் கொடுத்துவிட்டே உள்ளே போகலாம். வாசலில் ஒரு ஆள் மட்டும் புகக்கூடிய ஒடுக்கமான இரும்புச் சுழல் கதவு இருக்கும், தடித்த குளிர்ச்சட்டையோடு பக்கவாட்டில் திரும்பித்தான் போகவேண்டி வரும். வெளியே தெருவில் நின்று ரிக்கெற் விற்கிறவரிடம் வாங்கவே வேண்டாம், அப்படி விற்பது அங்கே சட்டப்படி குற்றம்.

எடுக்கும்போது சொந்த மைதானக் கழகத்தின் பக்கமா, வந்த அணியின் பக்கமா என்று கட்டாயம் பாருங்கள். முதல் நான்கு அடுக்கிலும் இரண்டு பகுதி ரசிகர்களையும் பிரித்துத்தான் விடுவார்கள். வந்த அணியின் நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு சொந்த அணி ரசிகர்கள் நடுவில் போய் இருக்கக்கூடாது. இரண்டுக்கும் சம்பந்தமில்லாத நிறத்தில் போடுங்கள், சரி.

உடுப்பு, சாப்பாடு

நவம்பரில் இருந்து மார்ச் வரை போனால் உடுப்புத்தான் பாதி வேலை. மேலுக்கு எல்லாரும் நன்றாகப் போட்டுவிடுவார்கள், காலைத்தான் விட்டுவிடுவார்கள். சீமெந்துப் படியில் ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் அசையாமல் நின்றால் குளிர் கீழே இருந்துதான் ஏறும். தடித்த அடியுள்ள சப்பாத்து, இரண்டு சோடி காலுறை, உள்ளே ஒரு தேர்மல். டிசம்பரில் நாலு மணிக்கே சூரியன் போய்விடும், இரண்டாம் பாதி முழுக்க மின்னொளியில்தான் நடக்கும். தொப்பியும் கையுறையும் மருமகளிடம் இரவல் வாங்குங்கள், அவமானம் ஒன்றுமில்லை.

சாப்பாட்டில், வழமையாகக் கிடைப்பது பை, சிப்ஸ், பேகர், தேத்தண்ணி. பைக்குள் பெரும்பாலும் மாட்டிறைச்சி இருக்கும். போவ்ரில் என்று கோப்பையில் சுடச்சுட ஒன்று விற்பார்கள், குளிருக்கு எல்லாரும் குடிப்பார்கள். அதுவும் மாட்டிறைச்சிச் சாறுதான், சைவக்காரர் தெரிந்துகொள்ள வேணும். மரக்கறிச் சாப்பாடு இல்லாத மைதானம் இப்ப குறைவு, கேட்டு வாங்குங்கள். நல்ல வழி, பன்னிரண்டு மணிக்கே வீட்டில் ஒரு பிடி சோறு சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது. ஈஸ்ட்ஹாமில் நிற்பவர்கள் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஒரு தோசையோடு ரயில் ஏறலாம். பெரிய பை கொண்டுபோக வேண்டாம், பல இடங்களில் ஏ4 தாளளவுக்கு மேல் விடமாட்டார்கள். தண்ணீர்ப் போத்தலின் மூடியைக் கழற்றி எடுத்தாலும் கோபப்படாதீர்கள், எறியாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது.

குடிவகை விஷயத்தில் 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. முதல் ஐந்து அடுக்கிலும் மைதானம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மது குடிக்கக்கூடாது, உள்ளே இருக்கிற பாரில் குடித்து முடித்துவிட்டுத்தான் வரவேணும். ஆறாவதில் இருந்து கீழே இந்தத் தடை இல்லை, கையில் பியரோடு கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களைப் பார்ப்பீர்கள்.

உள்ளே

இரண்டரைக்கெல்லாம் உள்ளே இருங்கள். இருக்கிற இடமும் உண்டு, நிற்கிற இடமும் உண்டு. 1989இல் ஹில்ஸ்பரோவில் 97 பேரின் உயிரைப் பறித்த நெரிசலுக்குப் பிறகு மேல் இரண்டு அடுக்கிலும் எல்லாம் கதிரையாக மாறியது, கீழே பல மைதானங்களில் பழைய படிகள் இன்னும் இருக்கின்றன. முழங்கால் ஒத்துழைத்தால் நின்றே பாருங்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்கிற இடம்தான் சத்தம் கூடிய இடம், நடுக்கோட்டுப் பக்கம்தான் ஆட்டம் விளங்குகிற இடம்.

சின்ன மைதானங்களில், ரசிகர்களைப் பிரிக்காத இடத்தில், ஒரு வழக்கம் இருக்கிறது. அரைநேரத்துக்கு விசில் ஊதினவுடன் ஒரு பக்கக் கோலுக்குப் பின்னால் நின்ற கூட்டம் அப்படியே கொடி, மேளம், தேத்தண்ணிக் கோப்பை எல்லாவற்றோடும் மறுபக்கக் கோலுக்கு நடக்கத் தொடங்கும், தங்கள் அணி இனி அந்தப் பக்கம்தானே அடிக்கப் போகிறது. எதிரே மற்ற அணியின் ஆக்கள் வருவார்கள், நடுவில் இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று கடந்து போகும், தெரிந்த முகங்கள் தலையாட்டிக்கொள்ளும். நீங்களும் சேர்ந்து நடங்கள். அந்த நேரத்தில் ஒரு வயதான தொண்டர் லொத்தர்ச் சீட்டோடு வருவார், விழுகிற காசில் ஒரு பங்கு வென்றவருக்கு, மிச்சம் கழகத்துக்கு. ஒன்று இரண்டு வாங்குங்கள். அடுத்த மட்சுக்குப் புல்லுக்குக் கோடு போடுகிற செலவு அப்படித்தான் வருகிறது.

ஆட்டம் எப்படி இருக்கும்? பந்து உயரத்தில் கூடுதலாக இருக்கும். ஈரப் புல், காற்று, இடித்து விளையாடுகிற தடுப்பாளர்கள். ஆனால் தரம் குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். பத்து அடி தூரத்தில் நின்று பார்க்கும்போதுதான் ஏழாம் அடுக்கு வீரன்கூட பந்தை முதல் தொடுகையில் எவ்வளவு சுத்தமாக அடக்குகிறான் என்பது தெரியும். கோல்காப்பாளர் தொண்ணூறு நிமிடமும் வாய் ஓயாமல் தன் தடுப்பாளர்களை இடம் மாற்றிக்கொண்டே இருப்பார், ரீவியில் ஒருநாளும் கேட்காத சத்தம் அது. நடுத்தடுப்பாளரும் எதிரணி முன்கள வீரனும் பந்து இல்லாத நேரத்தில் தோளால் தள்ளி, சட்டையைப் பிடித்து, கதைத்துக் கதைத்தே நடத்துகிற சண்டையை ஒரு பத்து நிமிடம் பந்தைப் பார்க்காமல் பாருங்கள். இந்த அடுக்குகளில் வீடியோ நடுவரும் இல்லை. கோல் என்றால் உடனே கோல், கொண்டாடுவதற்கு யாரையும் காத்திருக்கத் தேவையில்லை.

சில விஷயங்களில் கண்டிப்பு. எங்கள் ஊரில் கடைசி நிமிடத்தில் கோல் விழுந்தால் சனம் மைதானத்துக்குள் இறங்கி வீரனைத் தூக்கும். அங்கே உள்ளே இறங்குவது, எதையாவது எறிவது, இனத்தைச் சொல்லிக் கத்துவது எல்லாம் 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பேரனை அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களை நோக்கி யாராவது அப்படி இனத்தைச் சொல்லிப் பேசினால் பேசாமல் இருக்காதீர்கள், மஞ்சள் அங்கி போட்ட காவலரிடம் சொல்லுங்கள், எழுதிப் பதிவார்கள். நான் கண்டவரை இந்த மைதானங்களில் புது முகத்தைக் கண்டால் ஆக்கள் தாங்களாகவே வந்து கதைப்பார்கள், எங்கே இருந்து வந்தனீர்கள் என்று கேட்பார்கள். யாழ்ப்பாணம் என்று சொல்லி, அங்கேயும் ஊருக்கு ஒரு கழகம் இருக்கிறது, பாடும்மீன், சென். மேரிஸ், றோயல், ஞானமுருகன் என்று விளையாடுகிறோம் என்று சொல்லுங்கள். பந்து பற்றித் தெரிந்த ஆள் என்று விளங்கினால் அவர்கள் விடமாட்டார்கள், அந்தக் கழகத்தின் முப்பது வருடச் சரித்திரமும் உங்கள் காதுக்கு வரும்.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்பின்னாக முடியும். லீக் வண் மைதானம் என்றால் ஸ்டேஷன் வாசலில் நெரிசல் இருக்கும், கால்மணி நேரம் உள்ளேயே நின்று சனம் வடிந்த பிறகு வாருங்கள். சின்ன மைதானத்தில் அந்தப் பிரச்சினை இல்லை, கழக மண்டபத்தைத் திறந்து வைத்திருப்பார்கள், விளையாடின பெடியள் குளித்துவிட்டு அங்கேதான் சாப்பிட வருவார்கள், பேரனுக்குப் படம் எடுக்க அதுதான் நேரம். அடுத்த சனிக்கிழமை அதே கழகம் அநேகமாக வெளியூரில் விளையாடும். அடுத்த சொந்த மைதான மட்ச் எப்ப என்று வாசலில் ஒட்டியிருக்கும், வெளியே வரும்போது போனில் ஒரு படம் எடுத்து மருமகனுக்கு அனுப்பிவிடுங்கள்.